வயிறு நிறைந்த பட்டினி

பனிக்காலத்துக் கர்னாலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பெர்சீம் தழையின் பசுமைதான். பால்வள ஆராய்ச்சி மாணவனாகிய நான் அந்தத் தழையை உலர்த்தி அரைத்துப் புரதம் அளக்கும்போதெல்லாம், தஞ்சை மாவட்டத்தில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் நின்ற சிவப்பியை நினைத்துக் கொள்வேன்.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் புல் இல்லை. பிண்ணாக்கு வாங்கக் காசும் இல்லை. வெறும் வைக்கோலே சிவப்பிக்குத் தீனியாயிற்று. நாளுக்கு 6 லிட்டர் கறந்தவள் இரண்டுக்கு இறங்கினாள். "தீனி போதவில்லையோ?" என்றார் அப்பா. அப்போது எனக்கு வயது 15. உப்பியிருந்த அவள் வயிற்றைத் தட்டிக் காட்டி, "வயிறு நிறையத்தானே இருக்கிறது, அப்பா!" என்றேன். அந்த வாரமே அவளைச் சந்தையில் விற்றுவிட்டோம்.

அந்த வயிற்றின் கதையை இங்கே வந்துதான் படித்தேன். மாடு வைக்கோலைத் தானே செரிப்பதில்லை. அதன் முதல் வயிற்றில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களே நாரைச் சிதைக்கின்றன. அவை பெருகத் தீனியில் நூற்றுக்கு 7 பங்கேனும் புரதம் வேண்டும். நெல் வைக்கோலிலோ ஏறக்குறைய 4 பங்குதான். நுண்ணுயிர்கள் சோர்ந்தால் வைக்கோல் செரியாமல் வயிற்றிலேயே தங்கும். மாடு தின்பதும் குறையும். குடலுக்குச் சென்று மாட்டுக்குப் புரதமாவதும் அந்த நுண்ணுயிர்களே. ஆகவே பாலும் வற்றும். நான் தட்டிக் காட்டியது நிறைவன்று, தேக்கம்!

கடலைப் பிண்ணாக்கில் 40 பங்குக்கு மேல் புரதம் உண்டு. அதில் சிறிது கிடைத்திருந்தால் அதே வைக்கோல் நன்கு செரித்திருக்கும். அளவு மீறினாலும் பயனில்லை. மிஞ்சியது அம்மோனியாவாகி, ஈரலில் யூரியாவாக மாறி, பெரும்பாலும் சிறுநீரில் கழிந்துவிடும். கொடுத்த காசும் அதனோடு போகும்.

சென்ற மாதம் அப்பா தொலைபேசியில், மறுபடி ஒரு மாடு பிடிக்கலாமா என்று கேட்டார். "முதலில் வேலியோரம் அகத்தி நடுங்கள், அப்பா. மாடு பிறகு வரட்டும்" என்றேன். காரணம் கேட்டார், சிவப்பியைப் பற்றியும் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்போது நீ சிறுபிள்ளைதானே" என்றார்.

அன்பர்களே, உங்கள் ஊர்க் கொட்டிலிலும் ஒரு கறவை நிற்கலாம். வயிற்றைத் தட்டிப் பார்த்துத் தீனியை அளக்க வேண்டாமென்று வீட்டாரிடம் சொல்லுங்கள்.