பத்து டிகிரி

கொஞ்சம் நீளமான பதிவு இது. ரெண்டு வாரமாக மனசில் கிடந்ததை எழுதிவிட்டேன். அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

ஆயுத பூஜைக்கு என் பழைய மாணவன் ஒருவன் அவனுடைய பட்டறைக்குக் கூப்பிட்டிருந்தான். "பேரைப் போட்டுடாதீங்க சார், பசங்க ஓட்டுவானுங்க" என்று சொல்லிவிட்டதால் பெயர் இல்லை. அவனோடு படித்த 1989 செட் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்தாலும் கமெண்டில் போடாதீர்கள். நெமிலிச்சேரியில் ரயில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்கினேன். அந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள்தான். எஸ்டேட் 1964இல் வந்தது, நான் அப்போது கைக்குழந்தையாக இருந்து கொஞ்சம் நடக்கப் பழகிய வயது. இத்தனை வருஷம் இந்த லைனில் ரயிலில் போயும் உள்ளே நுழைந்து ஒரு பட்டறையைப் பார்த்ததே இல்லை.

ஒரு ஷெட், அதில் நாலு மெஷின். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. பூஜைத் தட்டில் பொரி, கடலை, சர்க்கரையோடு விரல் நீளத்தில் சில இரும்புத் துண்டுகளும் இருந்தன. முனையில் நாலு பல், உடம்பில் முறுக்கிய பள்ளம். "இது என்னப்பா, ட்ரில் பிட்டா?" என்று கேட்டேன். "இல்ல சார், எண்ட் மில். ட்ரில்லு நேரா கீழ எறங்கும். இது பக்கவாட்டுலயும் வெட்டும்" என்றான்.

அப்புறம் பத்து பேருக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "சார்தான் எங்கப்பாகிட்ட சொன்னாரு, இவனுக்குப் படிப்பு ஏறாது, பட்டறைல சேர்த்துவிடுங்கன்னு. அதனாலதான் நான் இன்னிக்கு நாலு மெஷினுக்கு ஓனர்."

எல்லாரும் கை தட்டினார்கள், நானும் சிரித்தேன். பொரிப் பொட்டலத்தோடு ரயில் ஏறின பிறகு பொரியைத் தொட மனசு வரவில்லை. நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன் என்பதில் சந்தேகமும் இல்லை. அந்த நாளில் எத்தனை அப்பாக்களிடம் அதே வாக்கியத்தைச் சொன்னேனோ. எட்டாம் வகுப்புப் பையனுக்கு வயசு 13. அவனை அனுப்பிவிட்டு நான் அடுத்த பீரியடுக்குப் போயிருப்பேன்.

வீட்டில் சொன்னேன். "அவன் நல்லபடியாத்தானே சொன்னான், நீங்க ஏன் மூஞ்ச தூக்கி வெச்சிருக்கீங்க" என்றாள் என் மனைவி. அவன் நன்றியாகச் சொன்னதுதான் எனக்குக் குத்தியது. திட்டியிருந்தால் தேவலை.

பூஜை அன்று மெஷின் ஓடாதே. அதனால் அடுத்த வாரம், "அந்தப் பல்லைச் சாணை பிடிப்பாயாமே, பார்க்க வரலாமா?" என்று போன் போட்டுவிட்டுப் போனேன். உண்மையில் அவனிடம் பேசத்தான் போனேன். போன இடத்தில் வேலையைப் பார்த்து அசந்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரர் கத்தியைக் கல்லில் சாய்த்துப் பிடிப்பார். கோணம் அவர் மணிக்கட்டில் இருக்கிறது. ஒரு அரிவாள்மணைக்கு அது போதும். எண்ட் மில்லில் நாலு பல், நாலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பல் மட்டும் நூறில் ரெண்டு பங்கு மில்லிமீட்டர் தூக்கியிருந்தாலும் பாரமெல்லாம் அதன் தலையில். மற்ற மூன்றும் பெயருக்குச் சுற்றும். கையால் பிடித்து இதைச் சாதிக்க முடியாது. இதற்கென்றே டூல் அண்ட் கட்டர் கிரைண்டர் என்று தனி மெஷின் உண்டு. அது வாங்க இவனிடம் வசதி இல்லை. இருப்பது பழைய பிராகா சர்ஃபேஸ் கிரைண்டர், தட்டையான பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்குகிற மெஷின். மேலே கல் சுற்றும். கீழே காந்தப் பலகை போகும், வரும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

ஆகவே சாமர்த்தியமெல்லாம் அந்தக் காந்தத்தின் மேல் வைக்கும் ஃபிக்சரில். இவன் செய்திருப்பது இதுதான். எண்ட் மில்லை ஒரு கோலட்டில் இறுக்குகிறான். கோலட் ஒரு சதுரக் கட்டைக்குள் இருக்கிறது. கட்டையை, பல் மேலே பார்க்கிற மாதிரி ஒரு ஆப்பின் சரிவில் ஒட்டி நிறுத்துகிறான். ஒரு பல்லைத் தேய்த்ததும் கட்டையை எடுத்து அடுத்த பக்கம் திருப்பி அதே இடத்தில் வைத்தால் 90 டிகிரி திரும்பி அடுத்த பல் வந்து நிற்கும். "மூணு பல் கட்டர் வந்தா?" என்று கேட்டேன். அலமாரியிலிருந்து ஒரு அறுகோணக் கட்டையை எடுத்துக் காட்டினான். ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் வைத்தால் 120. நான் கரும்பலகையில் முந்நூற்று அறுபதை வகுத்துக் காட்டியதெல்லாம் இங்கே இரும்பாக உட்கார்ந்திருந்தது.

ஆப்பில் ரெண்டு சரிவு. ஒன்று 6 டிகிரி. பல்லின் வெட்டும் விளிம்புக்குப் பின்னால் உள்ள பகுதி தாழ்ந்து போவதற்கு. அது தாழாவிட்டால் விளிம்பு வெட்டாமல் முதுகு உராய்ந்து சூடாகும். இன்னொன்று 2 டிகிரி. பல் வெளிமுனையிலிருந்து நடுவை நோக்கிக் குழிவதற்கு. வெளி மூலைகள் மட்டும் தரையைத் தொட்டால்தான் வெட்டின தரை சுத்தமாக வரும். கண்ணுக்குத் தெரியாத இந்த ரெண்டு டிகிரி இல்லையென்றால் கட்டர் புதுசாக இருந்தும் பிரயோஜனமில்லை என்கிறான்.

கல்லை மாட்டுவதற்கு முன் விரலில் தொங்கவிட்டு ஒரு மரக்கைப்பிடியால் தட்டினான். 'ணங்' என்றது. மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதே கதைதான். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். கல் 200 மில்லிமீட்டர் விட்டம், நிமிஷத்துக்கு 2800 சுற்று. பழக்க தோஷத்தில் கணக்குப் போட்டேன். ஓரம் நொடிக்கு 29 மீட்டர் ஓடுகிறது, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். விரிசலோடு மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. அவன் சொல்லாமலேயே என்னைத் தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் நிற்க வைத்தான்.

அடுத்து அம்மி கொத்துவது. ஆமாம், அதே வேலைதான். கல்லின் மேல் ஒரு வைர முனையை ஓட்டி மழுங்கின பொடியை உதிர்த்துப் புது முகம் திறக்கிறான். ஓரத்தையும் சரித்து, தேய்க்கிற விளிம்பை மூன்று மில்லிமீட்டருக்கு ஒடுக்குகிறான். அப்படி ஒடுக்காவிட்டால் அகலமான கல், தேய்க்கிற பல்லோடு பக்கத்துப் பல்லையும் கடித்துவிடும். மையத்தைத் தாண்டிப் போனால் எதிர்ப்பல்லைக் கடிக்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்று டயலில் சாக்பீஸால் ஒரு கோடு. (சாக்பீஸைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம்.) அப்படிக் கடிபட்ட ஒரு கட்டரைச் சுவரில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறான். "யார் பண்ணது?" என்றேன். "நான்தான் சார். பசங்களுக்குக் காட்டறதுக்கு வெச்சிருக்கேன்."

பிறகு தேய்ப்பு. ஒரு தடவைக்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான் கல்லை இறக்குகிறான். அதே இறக்கத்தில் நாலு பல்லையும் முடித்துவிட்டுத்தான் அடுத்த இறக்கம். அவசரப்பட்டு ஒரு பல்லை மட்டும் முடிக்கக்கூடாது. பொறி கம்பி மத்தாப்பு மாதிரி வெள்ளையாகச் சிதறவில்லை. மங்கலாக, சிவப்பாக, குட்டையாக விழுந்தது. "ஹைஸ்பீடு ஸ்டீலு சார், அப்படித்தான் விழும்" என்றான். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். எம்2 என்ற வகையில் நூற்றுக்கு 6 பங்கு டங்ஸ்டன், 5 மாலிப்டினம், 4 குரோமியம், 2 வனேடியம். அமெரிக்காவில் டெய்லர், ஒயிட் என்ற ரெண்டு பேர் இந்த வகை எஃகைப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்து, 1900இல் பாரிஸ் கண்காட்சியில் முனை சூட்டில் சிவந்து ஒளிரும்போதும் இரும்பை வெட்டிக் காட்டினார்களாம். அப்படிச் சூடு தாங்குகிற எஃகையும் சாணையில் அவசரப்பட்டால் கெடுத்துவிடலாம். கருக விட்டு, பதறித் தண்ணீரில் முக்கினால் விளிம்பில் மயிரிழை விரிசல் விழும்.

முடிந்ததும் கட்டரை நிறுத்தி ஒவ்வொரு பல்லின் மேலும் டயல் இண்டிகேட்டரை வைத்துக் காட்டினான். முள் நாலு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. பக்கவாட்டுப் பல்லை அவன் தொடுவதில்லை. அதைத் தேய்த்தால் விட்டம் குறையும், 12 மில்லிமீட்டர் பள்ளம் 12 ஆக வராது. முனையை மட்டும் தேய்த்தால் நீளம்தான் குறையும். ஒரு கட்டரை இப்படிப் பல முறை ஓட்டுகிறான். கார்பைட் கட்டர் வந்தால் இந்தக் கல் ஆகாது, வைரக் கல் வேண்டும். அதை வெளியே கொடுத்துவிடுகிறான். முன்பு பக்கத்துப் பட்டறைகளிலிருந்தெல்லாம் டப்பா டப்பாவாகச் சாணைக்கு வருமாம். இப்போது பாதிப் பேர் மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள் என்றான்.

டீ வந்தது. அப்போதுதான் கேட்டேன், இந்த ஆறு டிகிரி ஆப்பை எப்படிச் செய்தாய் என்று. சைன் பாரைக் காட்டினான். ரெண்டு உருளை மேல் ஒரு சட்டம், உருளைகளுக்கு நடுவே 100 மில்லிமீட்டர். ஒரு பக்கத்துக்குக் கீழே 10.45 உயரத்துக்கு ஸ்லிப் கேஜ் வைத்தால் சட்டம் 6 டிகிரி சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வுக்கு ஆப்பைத் தேய்த்து எடுக்கலாம்.

"10.45 எப்படி வந்தது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெரியாது சார். நான் மொதல்ல வேலை பாத்த எடத்துல ஒரு மேஸ்திரி சிகரெட் அட்டைல எழுதிக் குடுத்தாரு. ஆறுக்கு 10.45, பன்னெண்டுக்கு 20.79, ரெண்டுக்கு 3.49. அத வெச்சுதான் ஓட்டிக்கினு இருக்கேன். இப்ப அலுமினிய ஜாப் ஒண்ணு வந்திருக்கு, அதுக்குப் பத்து டிகிரி வேணும். அட்டைல பத்து இல்ல." அந்த அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். "ஐ.டி.ஐ. போன பசங்க ரெண்டு வருஷத்துல கத்துக்கறாங்க சார். எனக்கு பதினோரு வருஷம் ஆச்சு. மொத மூணு வருஷம் பெருக்கிக்கினு இருந்தேன்."

குறையாகச் சொல்லவில்லை, டீயை ஊதிக்கொண்டே சொன்னான்.

எனக்கும் சைன் பாடம் நடத்தின பழக்கம் கிடையாது. நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமா, எட்டாம் வகுப்போடு சரி. பிளஸ் டூவில் படித்ததுதான் முதலீடு. ஒரு நோட்டும் பென்சிலும் கேட்டேன். கோணமானி அவனிடம் இரும்பிலேயே இருந்தது. ஒரு கோடு போட்டேன். அதிலிருந்து 10 டிகிரி சாய்த்து சரியாக 100 மில்லிமீட்டருக்கு இன்னொரு கோடு. அதன் நுனியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு. "இந்தச் சாய்ந்த கோடுதான் உன் சைன் பார். இந்த நிற்கிற கோடுதான் நீ கீழே வைக்கிற உயரம். அள." அவனே ஸ்கேல் வைத்தான். 17, கொஞ்சம் கூட.

"கொஞ்சம்னா எவ்ளோ சார்?"

பட்டறையில் இருக்கும் பீகார் பையன் போனில் கால்குலேட்டரைத் திறந்து சைன் 10 தட்டினான். மைனஸ் 0.54 என்று வந்தது. எனக்கு வேர்த்துவிட்டது. ரிட்டயர் ஆனபின் இப்படி ஒரு இன்ஸ்பெக்ஷன். ஆனால் என் மாணவன் நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சார், படத்துல 17 வருது. மைனஸ் எப்படி வரும்? போன்தான் தப்பு." போன் ரேடியனில் இருந்தது. டிகிரிக்கு மாற்றினதும் 0.1736 வந்தது. நூறால் பெருக்கினால் 17.36.

பிறகு 6 போட்டுப் பார்த்தான். 0.1045. அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். 12 போட்டான். 2 போட்டான். மூன்றும் அட்டையில் இருந்தபடியே வந்தன. "மேஸ்திரி கரெக்டாத்தான் குடுத்திருக்காரு" என்றான். அந்த மேஸ்திரி இப்போது உயிரோடு இல்லையாம்.

அப்போது சொன்னேன். "அன்னிக்கு உங்கப்பாகிட்ட நான் சொன்னது தப்புப்பா. உனக்குப் படிப்பு ஏறாதுன்னு முடிவு பண்ண எனக்கு என்ன தெரியும்? எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியலைன்னு சொல்லியிருக்கணும்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. நோட்டில் அந்த முக்கோணத்தின் மேல் பென்சிலால் திரும்பத் திரும்பக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். "விடுங்க சார், அப்பா எப்படியும் வேலைக்குத்தான் அனுப்பிச்சிருப்பாரு" என்றான். கொஞ்சம் கழித்து, "ஆனா அன்னிக்கு நீங்க சொன்னப்புறம் அவரு நோட்டு வாங்கித் தர்றத நிறுத்திட்டாரு" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. பெட்டியைத் திறந்து ஸ்லிப் கேஜ்களை எடுத்தான். 10, 6, 1.36. மூன்றையும் துடைத்து ஒன்றோடொன்று அழுத்தித் திருக ஒட்டிக்கொண்டு நின்றன. சைன் பாருக்குக் கீழே செருகினான். "கட்டையத் தேய்க்கணும் சார், நேரமாகும். நீங்க 6.10 லோக்கலப் புடிச்சிடுங்க, அதுக்கப்புறம் கூட்டமா வரும்" என்றான். பீகார் பையன் என்னை ஸ்டேஷன் வரை பைக்கில் கொண்டுவந்து விட்டான்.

வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன். காஸ், டேன் ரெண்டும் என்னவென்று கேட்டிருக்கிறான். என் பேத்தியின் பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இப்போது என் மேஜையில் இருக்கிறது. 1989 செட்டில் கணக்கு வாத்தியாராகப் போனவர் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வரவும், எனக்கு நாலைந்து சந்தேகம் இருக்கிறது.