எந்த எலக்ட்ரான்?

ஹீலியம் அணுவை நடத்தும்போது கரும்பலகையில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் ஓர் அம்பை மேல்நோக்கியும் இன்னொன்றைக் கீழ்நோக்கியும் வரைவது எங்கள் வழக்கம். பாடப்புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு மாணவி எழுந்து, "சார், மேல பாக்குற அம்பு எந்த எலக்ட்ரான்?" என்று கேட்டாள். படம் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வைக்கிறது. இயற்கைதான் அதற்கு இடம் தருவதில்லை. அடிநிலையில் இருக்கும் ஹீலியத்தில், இரண்டு எலக்ட்ரான்களின் சுழற்சிகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. விஷயம் அதோடு முடிந்தது. இது மேலே, அது கீழே என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

நமக்குத் தெரியாவிட்டால் என்ன, அணுவுக்குத் தெரிந்திருக்கும் என்று சமாதானம் சொல்லத் தோன்றும். அந்தச் சமாதானம் நிற்காது என்பது 1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்திலிருந்து புறப்பட்ட ஒரு சிறு கட்டுரையால் வெளிப்பட்டது. எழுதியவர் சத்யேந்திரநாத் போஸ். இரண்டு நாணயங்களைச் சுண்டினால் நான்கு விதமாக விழலாம். இரண்டும் ஒன்றுபோல விழும் வாய்ப்பு சரிபாதி. நாணயங்கள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தாலும், பார்ப்பவருக்கு எது எதுவென்று தெரியாவிட்டாலும், அந்தப் பாதி மாறாது. ஒளித்துகள்களை இப்படி எண்ணினால் வெப்பக் கதிர்வீச்சுக்கான பிளாங்க் சூத்திரம் வராது. துகள் இருக்கக்கூடிய ஒவ்வொரு நிலையையும் ஓர் அறை என்று வைத்துக்கொண்டால், எந்தத் துகள் எந்த அறையில் என்று போஸ் கேட்கவே இல்லை. எத்தனை அறைகள் காலி, எத்தனையில் ஒன்று, எத்தனையில் இரண்டு என்று மட்டும் எண்ணினார், சூத்திரம் வந்துவிட்டது. அவர் வழியில் இரண்டு துகள், இரண்டு அறை என்றால் மொத்தம் மூன்றே விதம். இரண்டும் சேர்ந்திருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. பெயர் இருந்தும் நமக்குத்தான் தெரியவில்லை என்றால் இந்தக் கணக்கு இப்படி மாறியிருக்காது. ஐன்ஸ்டைன் அந்தக் கட்டுரையைத் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். எலக்ட்ரான்களோ ஒரே நிலையில் இரண்டாகச் சேரவே சேராதவை. அவற்றுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு விதம்தான்.

இது ஒரு கணத்தின் கதை. காலம் ஓடும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. இரண்டு எலக்ட்ரான்கள் நெருங்கி மோதி விலகுகின்றன. இடப்பக்கம் வந்தது, முன்பு எந்தப் பக்கமிருந்து புறப்பட்டது? தொடர்ந்து பின்பற்ற ஒரு பாதை இருந்தால் சொல்லலாம். அந்தப் பாதைதான் குவாண்டம் இயக்கவியலில் கிடையாது.

சரி, ஒரே ஒரு துகளைத் தனியே அடைத்து வைத்தால்? அமெரிக்காவின் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் டெமெல்ட் அதைச் செய்தார். 1973-இல் ஒற்றை எலக்ட்ரான். பிறகு, 1980களில், எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான், அதுவும் ஒற்றை. காந்தப்புலமும் மின்புலமும் சேர்ந்த ஒரு பொறியின் நடுவே, தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய இடத்தில், சுமார் மூன்று மாதம் அந்தப் பாசிட்ரானை வைத்திருந்தார். அதற்குப் பிரிசில்லா என்று பெயரும் வைத்தார். அடிப்படைத் துகள் ஒன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இந்தச் செய்தி எனக்கு எப்போது படித்தாலும் மெய்சிலிர்க்கும்.

அது ஏன் பாசிட்ரான் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எலக்ட்ரானாக இருந்தால், பொறியின் உலோகச் சுவரிலேயே கணக்கில்லாத எலக்ட்ரான்கள் உண்டு. இரவோடு இரவாக ஒன்று போய் வேறொன்று வந்திருந்தாலும் அடையாளம் காண வழியில்லை. பாசிட்ரானுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் மாற்று ஆள் கிடையாது. காலையில் பொறியில் ஒரு பாசிட்ரான் இருந்தால் அது பிரிசில்லாவேதான். டெமெல்ட் பெயர் வைத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெயர் துகளுக்குள் இருந்த எந்த அங்க அடையாளத்தையும் நம்பி நிற்கவில்லை. பக்கத்தில் இன்னொன்று இல்லை என்ற ஒரே ஆதாரத்தில் நின்றது. இன்னொரு பாசிட்ரானை உள்ளே விட்டு இரண்டையும் நெருங்க விட்டிருந்தால், பொறிக்குள் இரண்டு இருக்கின்றன என்று மட்டும் சொல்லலாம். பிரிசில்லா எது என்று சொல்ல முடியாது.

பாசிட்ரான் எலக்ட்ரானைச் சந்தித்தால் பெரும்பாலும் இரண்டும் அழிந்து, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு காமா ஒளித்துகள்கள் கிளம்பும். ஆளுக்கு 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட். மருத்துவமனைகளின் பெட் ஸ்கேன் கருவி ஒரே சமயத்தில் பிடிப்பது இந்த ஜோடியைத்தான். இவற்றில் எது பாசிட்ரானுக்குரியது, எது எலக்ட்ரானுக்குரியது என்று அந்தக் கருவி கேட்பதில்லை. அது இயங்க அந்தப் பதில் தேவையும் இல்லை.