ஓர் எண் சொல்லேன்!



விடுமுறைப் பயணத்தைப் பற்றி எழுதும்படி நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருந்தனர். தமிழாசிரியன் ஒருவன் சூதாட்ட நகரத்தில் கழித்த இரவைப் பற்றி எழுதலாமா என்று நெடுநாள் தயங்கினேன். எழுதத்தான் வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில், கல்வியாண்டு முடிந்து வந்த நீண்ட விடுமுறையில், நானும் என் துணைவியாரும் அமெரிக்கா சென்றிருந்தோம். அவரும் ஆசிரியைதான், கணிதம் போதிப்பவர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மகிழுந்து ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைக் காணப் புறப்பட்டோம். சாலையின் இடப்பக்கத்தில் ஓட்டியே பழகிய எனக்கு, வலப்பக்கப் பயணம் முதல் ஒரு மணி நேரம் வியர்வையை வரவழைத்தது.

15-ஆம் எண் நெடுஞ்சாலை மொஹாவி பாலைவனத்தின் ஊடே செல்கிறது. செம்பனையும் பால்மரமும் பார்த்து வளர்ந்த கண்களுக்கு அந்த வெறுமை புதிது. பேக்கர் என்னும் சிற்றூரில் 134 அடி உயர வெப்பமானி ஒன்று கோபுரம்போல் நிற்கிறது. அருகிலுள்ள மரணப் பள்ளத்தாக்கில் 1913-ஆம் ஆண்டு பதிவான 134 பாகை பாரன்ஹீட் வெப்பத்தைக் குறிக்கும் உயரம் அது. "செல்சியசில் ஏறக்குறைய 57" என்றார் துணைவியார், காகிதமும் பென்சிலும் இல்லாமலேயே!

பொழுது சாய்ந்தபின் லாஸ் வேகாஸ் வந்து சேர்ந்தோம். ஸ்பானிய மொழியில் அப்பெயருக்குப் 'புல்வெளிகள்' என்று பொருள். நாங்கள் கண்டதோ ஒளிவெள்ளம். நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது 1931-இல். அருகிலுள்ள ஹூவர் அணையின் கட்டுமானப் பணி தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

வீதியின் வடபகுதியில் செந்நிறக் கட்டடம் ஒன்று எங்களை வியப்பில் ஆழ்த்தியது. நம் நாட்டுக் கெந்திங் குழுமம் 2021 ஜூன் மாதத்தில் திறந்த தங்கும் விடுதி அது! 1969-இல் உரிமம் பெற்று நம் மலையுச்சியில் உருவான சூதாட்ட மையம், பாலைவனம் வரை கிளை விரித்திருக்கிறது. ஆறாயிரம் காதம் போனாலும் தன் பாவம் தன்னோடே என்பார்களே, அதுதான் என் நினைவுக்கு வந்தது. எதற்காக என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரவு உணவுக்குப் பின் வேறொரு விடுதியின் சூதாட்டக் கூடத்தைச் சுற்றிப் பார்க்க நுழைந்தோம். கண்ணில் பட்ட இடமெங்கும் சாளரமும் இல்லை. சுவர்க் கடிகாரமும் இல்லை. உள்ளே இருப்பவருக்கு இரவும் பகலும் ஒன்றே.

"வந்ததுதான் வந்தோம், இருபது டாலர் மட்டும் விளையாடிப் பார்ப்போமா? நாடகத்திற்கு நுழைவுச்சீட்டு வாங்கியதாக நினைத்துக்கொள்வோம்" என்றார் துணைவியார். நான் மறுக்கவில்லை. சுழலும் வட்டில் சிறு பந்தை உருட்டிவிடும் ரௌலட் மேசை ஒன்றின் அருகே நின்றோம்.

வட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் துணைவியார் காதோரம் சொன்னார்: "என்னங்க, இதுல 1 முதல் 36 வரைக்கும் எண்கள். கூடவே ஒரு சுழியம், ஒரு இரட்டைச் சுழியம். மொத்தம் 38 குழி. ஆனா ஜெயிச்சா 35 மடங்குதான் தர்றாங்க. ஒவ்வொரு 100 டாலருக்கும் சராசரியா அஞ்சே கால் டாலர் அவங்களுக்குன்னு எழுதி வச்ச மாதிரி." இவ்வளவு தெளிவான நிகழ்தகவுப் பாடத்தை நான் பள்ளியில் கேட்டதில்லை.

"சரி, ஓர் எண் சொல்லேன்" என்றேன்.

"17. நம்ம கல்யாண நாள்."

இருபது டாலரையும் 17-இல் வைத்தேன். பந்து சுழன்றது, துள்ளியது, 5-இல் விழுந்தது. அந்த வட்டில் 17-க்குப் பக்கத்துக் குழி 5. அரை விரற்கடை தூரம்!

"அடடா, வேற எண் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். என் கை தானாகவே பணப்பையைத் தேடிப் போயிற்று.

அவ்வார்த்தை வெளிவந்ததும் எனக்கு உடல் சில்லிட்டது. அது என் குரலே அன்று. என் தந்தையின் குரல். துணைவியாரின் கையைப் பற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பெலாஜியோ விடுதியின் முன்னுள்ள ஏரியில் நீரூற்றுகள் இசைக்கேற்ப ஆடிக்கொண்டிருந்தன. 1998 முதல் கட்டணமின்றி எவரும் காணும் காட்சி அது. பாலைவனக் குளிரில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, மணவாழ்வில் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

என் தந்தை பால்மரம் சீவியவர். தோட்டத்தில் பலரையும்போல் நான்கு இலக்க எண் எடுப்பார். விபத்தில் சிக்கிய வாகனத்தின் எண், செத்தவர் வீட்டுக் கதவு எண், கண்ட கனவு எல்லாமே அவருக்கு எண்கள்தாம். கனவுக்கு எண் சொல்லும் புத்தகம் ஒன்று சாமி மேடையின் கீழ் எப்போதும் இருக்கும். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, நான் கண்ட பாம்புக் கனவுக்கு எண் எடுத்தார். அது அடித்துவிட்டது! எனக்குப் புதிய புத்தகப்பை வந்தது. அம்மாவுக்கு ஒரு சங்கிலி.

அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் மரம் வெட்டப் புறப்படும் முன் என்னை எழுப்புவார். "ஐயா, ராத்திரி என்ன கனவு கண்டே?"

கனவு வராத நாள்களில் நானே புனைந்து சொல்லத் தொடங்கினேன். யானை, ஆறு, செத்துப்போன பாட்டி. எண் விழாத நாள்களில், "வேற கனவு வந்திருக்கக் கூடாதாய்யா?" என்பார். அவர் என்னை அடித்ததில்லை, திட்டியதுமில்லை. அவ்வளவுதான் சொல்வார். ஓராண்டுக்குள் அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது, திரும்பவேயில்லை. நான் சொன்ன பொய்க் கனவுகளால்தான் அது போயிற்று என்று நம்பினேன். உண்மையைச் சொன்னால், அன்றிரவு வரை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

துணைவியார் என் தந்தையை அமைதியான முதியவராக மட்டுமே அறிவார். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கணித ஆசிரியையாகவே பேசினார்.

"0000-லேர்ந்து 9999 வரைக்கும் பத்தாயிரம் எண். ஒரு குலுக்கல்ல பரிசு விழறது 23 எண்ணுக்கு. ஒன்பது வயசுப் பையன் நெசக் கனவு சொன்னாலும் பொய்க் கனவு சொன்னாலும் அந்தக் கணக்கு மாறாதுங்க."

நான் அழுதேன் என்பதை இங்கு மறைக்க விரும்பவில்லை. அருகில் நின்றவர்கள் நீரூற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனர்.

திருக்குறளில் 94-ஆம் அதிகாரம் சூது. அதற்கு முந்தையது கள்ளுண்ணாமை, அடுத்தது மருந்து. அதிகார முறையைக் கற்பிக்கும்போது நான் வழக்கமாகச் சொல்வது இது. சூதில் கிட்டும் வெற்றியைத்தான் வள்ளுவர் தூண்டில் இரும்பாகக் காண்கிறார் என்பதை மட்டும் நான் அழுத்திச் சொன்னதில்லை. எங்கள் வீட்டைக் கெடுத்தது தோல்வியன்று; அந்தப் பாம்புக் கனவின் வெற்றி. இன்று கைப்பேசி விளையாட்டுகளில் காசு கட்டித் திறக்கும் பரிசுப் பெட்டிகளுக்கும் இதே தூண்டில்தான். முதல் பெட்டியில் நல்ல பொருள் கிடைத்த பிள்ளையைத்தான் நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண் எடுப்பதும் எடுக்காததும் பெரியவர்களின் விருப்பம். ஆனால் தயவுசெய்து பிள்ளைகளிடம் எண் கேட்காதீர்கள். விளையாட்டாகவும் கேட்காதீர்கள். எண் விழுந்தால் பிள்ளை அதிர்ஷ்டசாலி என்பீர்கள். விழாதபோது அப்பிள்ளை தன்னை என்னவென்று நினைத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

மறுநாள் காலை பசியாறிவிட்டு ஹூவர் அணை வழியாகப் பயணத்தைத் தொடர்ந்தோம். வழியில் துணைவியார் கேட்டார்: "அதனாலதான் நீங்க பிள்ளைங்களுக்கு 'என் கனவு'ன்னு கட்டுரைத் தலைப்பே கொடுக்கிறதில்லையா?"

நான் அதை அதுவரை உணர்ந்ததில்லை. ஊர் திரும்பியபின், புதிய கல்வியாண்டின் முதல் கட்டுரையாக அத்தலைப்பையே ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கொடுத்தேன். ஒரு மாணவன் கை உயர்த்தி, "ஐயா, கனவு வரலன்னா என்ன எழுதுறது?" என்று கேட்டான்.

"வரவில்லை என்றே எழுதலாம், தம்பி. தவறொன்றுமில்லை" என்றேன்.