வேலியில்லா முற்றமும் பக்கத்து வீட்டு லொறியும்

யாழ்ப்பாணத்து நண்பர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் கேட்பது "வேலி எங்கே?" என்பதுதான். அவர்களைக் குறைசொல்ல முடியாது. கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்டு, ஆண்டுதோறும் கிடுகோ பனையோலையோ கொண்டு வேலி அடைத்து, வீட்டை வீதியின் பார்வையிலிருந்து மறைத்து வாழ்ந்த மரபு அவர்களுடையது. பக்கத்து வளவுக்காரர் கதியாலை ஒரு சாண் அரக்கி நட்டுவிட்டார் என்று தலைமுறை கடந்து வழக்காடிய குடும்பங்களும் அங்கே உண்டு. நீதிமன்றச் செய்தி எழுதிய காலத்தில் அத்தகைய கோவைகள் பலவற்றைப் புரட்டியிருக்கிறேன். வேலி இருந்தாலும் வழக்கு வரும் என்பது அப்போதே தெரிந்திருந்தது.

கொழும்பு - புத்தளம் வீதியில், முந்தலுக்கும் பாலாவிக்கும் இடையே இருப்பது மதுரங்குளி. தென்னந்தோட்டத்தைத் துண்டுகளாக்கி விற்றபோது அப்பா வாங்கிய காணி எங்களுடையது. எல்லை என்பது நான்கு அளவைக்கற்களும் ஒரு தென்னை வரிசையுமே. வீட்டு முன்புறத்தில் அம்மா வைத்த செவ்வரத்தை, நந்தியாவட்டை, இரண்டு தென்னங்கன்றுகள். முட்கம்பி அடிக்க அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை. முன்வளவால் குறுக்கே நடந்து கடைக்குப் போகிறவர்கள் பேசிவிட்டுப் போவார்கள் என்பது அவரது நியாயம்.

பக்கத்து வீட்டு நானாவின் மருமகன் ஒரு 'பட்டா' வாங்கினார். தமிழக வாசகர்கள் காணிப் பத்திரம் என்று எண்ணிவிடக்கூடாது. இங்கே அது ஒரு சிறிய லொறியின் பெயர். அவர்களுடைய வாசல் ஒடுக்கமானது. எனவே முதலில் ஒரு சக்கரம் எங்கள் பக்கம் ஏறியது. பிறகு இரண்டு. ஆறு மாதத்துக்குள் லொறியின் நிரந்தரத் தரிப்பிடம் எங்கள் முன்வளவு என்றாகிவிட்டது.

நகரத்தவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். எங்களது மணற்பாங்கான நிலம். மழை பெய்தால் சக்கரத் தடம் குழியாகும். தென்னையின் உணவுறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றிச் சுமார் ஆறடிக்குள், மண்ணின் மேற்படையில்தான் பரவியிருக்கும். எங்கள் மாவட்டத்திலேயே, லுணுவிலவில் இருக்கும் தென்னை ஆராய்ச்சி நிறுவகத்தார் பசளையை அந்த வட்டத்துக்குள் இடச்சொல்வது அதனால்தான். அதே வட்டத்தில் நாள்தோறும் பார வண்டி ஏறி மண்ணை இறுக்கினால், கன்று எப்படித் தேறும்? போதாததற்கு இயந்திரத்திலிருந்து சொட்டிய எண்ணெய் செவ்வரத்தை அடியில் கறுத்துக் கிடந்தது.

தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் செடியைப் பற்றிக் கேட்கவில்லை. "எத்தனை வருஷம்?" என்று மட்டும் கேட்டார். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உரிமையாளருக்கு எதிரான நிலையில், இடையூறின்றிப் பத்து ஆண்டுகள் ஒரு காணியை ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். பாதையுரிமையும் அவ்வாறே விளையும். லொறி நிறுத்துவதை அப்படிக் கொள்ளலாமா என்பது நீதிமன்றத்தில் நெடுநாள் வாதிடக்கூடிய விடயம். அந்த நெடுநாளே தண்டனைதான்.

பொலிஸுக்குப் போனால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அது அமைதிக்குப் பங்கம் நேரும் என்ற நிலையில் வருவது. அங்கே பார்க்கப்படுவது காணி யார் வசம் இருந்தது என்பதே. உறுதி யாருடையது என்பதை அந்த நீதிமன்றம் முடிவுசெய்வதில்லை. நானாவின் வீட்டுக் கந்தூரிச் சோற்றைத் தின்ற வாயால் அமைதிக்குப் பங்கம் என்று முறைப்பாடு எழுத எனக்கு விருப்பமில்லை. மத்தியஸ்த சபையும் உண்டுதான். அதுவும் ஊர் பார்க்க எதிரெதிரே அமர்வதே.

சட்டத்தரணி சொன்ன வழி எளிமையானது. தடுப்பதை விட அனுமதிப்பது காணிக்குக் காவல். அனுமதியின் பேரில் ஒருவர் பயன்படுத்தும்வரை அது எதிரான ஆட்சி ஆகாது. ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டால் போதும் என்றார்.

சட்டத்துக்கு எளிமை, சொல்வதற்கு அப்படியல்ல. நானா 1990 ஒக்டோபரில் மன்னார்ப் பக்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர். வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றிய அந்த நாள்களில், கட்டிய துணியோடு புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்த பல்லாயிரவரில் ஒருவர். ஒரு தமிழன் அவர் முன்னால் தாளை நீட்டி, இது என் நிலம், ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்பது எப்படி இருக்கும்? இரண்டு கிழமை அந்தத் தாள் மேசையிலேயே கிடந்தது.

ஒரு மஃரிபுக்குப் பிறகு போய்ச் சொன்னேன். அவர் தாளை முழுவதும் வாசித்தார். பிறகு உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்துவந்தார். மன்னார்க் காணியின் உறுதி, நில அளவைப்படம், அங்கே வேறொருவர் குடியிருப்பதைப் பற்றி அனுப்பிய கடிதங்களின் பிரதிகள்.

"தம்பி, பத்து வருஷக் கணக்கு எனக்குச் சொல்லித் தரத் தேவையில்ல" என்றார். கோபமில்லை.

இடம்பெயர்ந்தோர் காணிக்குப் போகமுடியாதிருந்த காலத்தை அந்தப் பத்து ஆண்டுக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கு 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலம் அதில் அடங்கும். அது நாடாளுமன்றத்தில் நிறைவேறிய செய்தியை நான் இரண்டு பந்தியில் சுருக்கி எழுதியது நினைவுக்கு வந்தது. நானா அந்தச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியை அடிக்கோடிட்டு வைத்திருந்தார்.

தாளில் ஒரு வரியைத் தாமே சேர்க்கச் சொன்னார்: ஆண்டுக்கு ஒருமுறை அனுமதி புதுப்பிக்கப்படவேண்டும். "என்ட மக்கள் காலத்துல பிரச்சினை வரப்படாது" என்று காரணமும் சொன்னார்.

அடுத்த கிழமை நில அளவையாளர் வந்து, மணலில் புதைந்திருந்த இரண்டு கற்களைத் தோண்டிக் காட்டினார். தென்னங்கன்றுகளிலிருந்து எட்டடி தள்ளி லொறிக்கு ஓரிடம் ஒதுக்கினோம். சக்கரம் நிற்கும் இடத்தில் மருமகன் கொங்கிறீற் பலகை இரண்டு பதித்தார். எல்லை நெடுகப் பொச்சுமட்டை அடுக்கி நந்தியாவட்டைத் தடிகள் நட்டேன். வீதி ஓரத்து மூன்றாவது செடி மட்டும் நிலைப்பதில்லை. அவசரத்தில் திருப்பும்போது மருமகன் அதில் ஏற்றிவிடுவார். மறுநாள் காலை நானா ஒரு தடியோடு வந்து நிற்பார்.