அம்மாவின் உள்ளி எண்ணெயும் என் கராம்புப் பொடியும்

போன வருஷம் அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பதிலைத் திருப்பி வாங்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

ரொறன்ரோவில் எங்கள் வீட்டுக் குசினியில் அம்மா பச்சை உள்ளியைக் குறுணியாக வெட்டி, ஒலிவ் எண்ணெயில் ஊற வைத்து, போத்தலில் அடைத்துத் தெரிந்தவர்களுக்கு விற்பார்.

"உதை எத்தினை நாள் வெளியில வைக்கலாம் பிள்ளை? நீ உதைத்தானே படிக்கிறாய்."

"உள்ளியே கிருமியைக் கொல்லும் அம்மா. ஒரு மாதம் வைக்கலாம். கெமிக்கல் ஒண்டும் தேவையில்லை."

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானம் மூன்றாம் வருஷம். என் ஆய்வுத் திட்டமே கராம்பு எண்ணெய்தான். பக்டீரியா வளர்த்த தட்டின் நடுவில் எண்ணெய் தொட்ட ஒரு சின்னக் கடதாசி வட்டத்தை வைத்தேன். அடுத்த நாள் பார்த்தால் அதைச் சுற்றி ஒரு கிருமியும் இல்லை, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. கராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜெனோல். அது பக்டீரியாவின் மென்சவ்வைக் குலைத்து, உள்ளே இருப்பதை வெளியே கசிய விடும். அந்தத் தட்டைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். நம்முடைய மசாலாப் பெட்டியில் எல்லாம் இருக்கிறது என்று பெருமையாக எழுதினேன்.

பிறகு அதே எண்ணெயை, அதே அளவில், அரைத்த கோழி இறைச்சியில் கலந்தேன். பக்டீரியா தன் பாட்டுக்கு வளர்ந்தது.

காரணம் எளிது. யூஜெனோல் தண்ணீரில் லேசில் கரையாது, கொழுப்பைத்தான் தேடிப் போகும். இறைச்சியில் கொழுப்பும் புரதமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பக்டீரியாவோ ஈரம் உள்ள பகுதியில் இருக்கும். தட்டில் வென்ற அளவு உணவில் போதாது, பல மடங்கு தேவைப்படும். அளவைக் கூட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க, வீட்டில் கட்லட்டுக்குக் கராம்புத் தூளை அள்ளிப் போட்டேன். அம்மம்மா ஒரு வாய் கடித்துவிட்டு வைத்துவிட்டார். "பல்லு டொக்டரிட்டப் போன மாதிரிக் கிடக்கு."

ஏன் தோற்றேன் என்று தேடி வாசித்துக்கொண்டு போனபோதுதான் 1985இல் வன்கூவரில் நடந்த சம்பவம் கண்ணில் பட்டது. எண்ணெயில் ஊறிய வெட்டிய உள்ளியை ஒரு உணவகத்தில் குளிர்ப்பெட்டிக்கு வெளியே வைத்திருந்தார்கள். அதைச் சாப்பிட்டு 36 பேருக்குப் பொட்டுலிசம் வந்தது. மண்ணில் இருக்கும் அந்தப் பக்டீரியாவின் வித்துகள் உள்ளியில் ஒட்டிக்கொண்டு வரும். எண்ணெய்க்குள் காற்று இல்லை, புளிப்பும் இல்லை. வித்து முளைத்து நஞ்சு உண்டாக்க அது போதும். நஞ்சு இருந்தாலும் மணத்திலோ நிறத்திலோ தெரியாமல் போகலாம். உள்ளியை நசுக்கும்போது வரும் அல்லிசின் கிருமிகளை எதிர்ப்பது உண்மை. ஆனால் அது நிலைத்து நிற்காது, சீக்கிரம் வேறு பொருளாக மாறிவிடும்.

உடனே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். பதினொரு போத்தல் வித்தாச்சு என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நீ சொன்னதெண்டு நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்" என்றார். பிறகு ஒவ்வொரு வீடாக அழைத்து, கொட்டச் சொன்னார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்மா அன்று வெட்கப்பட்டது என்னால்.

அதற்குப் பிறகு என் ஆய்வின் கேள்வி மாறியது. கராம்பு கிருமியைக் கொல்லுமா என்பதை விட்டுவிட்டேன். அது கிருமி இருக்கும் இடத்துக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்கத் தொடங்கினேன். அதற்கு ஒரு வழிதான் எண்ணெயை நுண்ணிய உறைக்குள் அடைப்பது. தொழிற்சாலைகளில் கருவேலம் பிசின் போன்றவற்றோடு எண்ணெயைக் கலக்கி, சூடான காற்றில் தெளித்து, பொடியாக்குவார்கள். நான் எடுத்தது பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின். மாப்பொருளில் இருந்து செய்வது, ஏழு குளுக்கோஸ் கைகோத்து நிற்கும் வளையம். வளையத்தின் உட்பக்கம் எண்ணெய்க்குப் பிடிக்கும், வெளிப்பக்கம் தண்ணீருக்குப் பிடிக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் அதைக் கரைத்து, கராம்பு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, ஆற வைத்தால், அடியில் வெள்ளையாகப் படியும். வடித்துக் காய வைத்தால் பொடி.

அந்தப் பொடி முன்னைப்போல மூக்கில் அடிக்கவில்லை. இறைச்சியில் சமமாகப் பரவியது. ஈரம் பட, எண்ணெய் மெல்ல மெல்ல வெளியே வந்தது. பக்டீரியாவின் வளர்ச்சி குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது. குளிர்ப்பெட்டி இன்னும் தேவைதான். என் அறிக்கையிலும் அப்படியே எழுதினேன்.

இதை அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் எழும்பிப் போய்த் தன் கராம்பு டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே எல்லாம் முழுசு. "இடிச்சு வைச்சா வாசம் ஓடிப் போயிடும். வேணுமெண்ட நேரம்தான் இடிக்கிறது." கராம்பு மொட்டுக்குள் சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகள் இருக்கின்றன. செடி தானே செய்து வைத்திருக்கும் உறை அது. நான் ஒரு தவணை முழுக்கப் படித்ததன் பாதி அந்த டின்னுக்குள் இருந்தது.

மற்றப் பாதியும் முக்கியம். கடையில் "இயற்கைப் பாதுகாப்பு" என்று எழுதிய ஒன்றைப் பார்த்தாலோ, வீட்டில் யாராவது உங்களிடம் கேட்டாலோ, என்னைப்போல உடனே தலையாட்டாதீர்கள். எவ்வளவு, எந்த உணவில், எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள்.

அம்மா இப்போதும் உள்ளி எண்ணெய் செய்கிறார், வீட்டுக்கு மட்டும். சின்னப் போத்தலில் என் கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது: குளிர்ப்பெட்டியில் வைக்கவும். 4 நாளுக்குள் முடிக்கவும்.