ஓசைக்குக் கூடம், ஊதியவனுக்குத் திண்ணை!

ஆரணிப் பட்டு என்றால் அறியாதார் இல்லை. அதை நெய்தவன் யார் என்று கேட்டால் அறிந்தார் இல்லை! கரை தெரிகிறது, முந்தானை தெரிகிறது, சரிகை மின்னுகிறது. குழித்தறியில் கால் தொங்க அமர்ந்து, நாளெல்லாம் நாடா ஓட்டிய கை மட்டும் எவர் கண்ணிலும் படுவதில்லை. அந்த ஆரணியில்தான் எனக்கு ஓர் இசைத்தட்டு கிடைத்தது. அதுவும் இதே கதையைத்தான் வேறு குரலில் சொல்லிற்று.

தறியை விற்றுவிட்டு, மகனோடு சென்னைக்குக் குடிபெயர இருந்தார் முதிய நெசவாளி ஒருவர். பரணைக் காலி செய்ய உதவப் போனேன். உடைந்த இராட்டை, சிக்கல் விழுந்த பட்டுநூல், கட்டுக் கட்டாகத் துளையிட்ட ஜக்கார்டு அட்டைகள். அவற்றினிடையே, பழைய வேட்டித் துணியில் பொதிந்து வைத்த கரிய அரக்குத் தட்டு ஒன்று. நடுவிலே ஒட்டியிருந்த தாளைப் பூச்சி அரித்திருந்தது. நாகசுரம் என்ற சொல்லும், தோடி என்ற சொல்லும், இராசரத்தினம் என்ற பெயரும் மட்டும் தப்பிப் பிழைத்திருந்தன.

“எடுத்துக்கொள் தம்பி. அப்பா வாங்கியது. பெட்டி என்றைக்கோ போய்விட்டது” என்றார்.

“என்ன பாட்டுங்க, ஐயா?”

“பாட்டா? ஒரு சொல்கூடக் கிடையாது. வெறும் ஊதல்தான். ஆனால் அப்பா அதைப் போட்டால் தெருவில் தறி ஓசை நின்றுவிடும்!”

பழைய கிராமபோன் பெட்டியைப் பழுது பார்த்து வைத்திருக்கும் நண்பரிடம் தட்டைக் கொண்டுபோனேன். நிமிடத்துக்கு 78 சுற்று; ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். மணிக்கணக்கில் தோடியை விரித்துரைக்க வல்லவரான திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை, இருபக்கத் தட்டுக்குள் அதைச் சுருக்கித் தந்திருந்தார். முள்ளின் கீறலையும் மீறிக்கொண்டு எழுந்தது அந்த நாதம். குழைந்தது, கெஞ்சிற்று, திடீரென்று நிமிர்ந்து நின்று நம்மை நேருக்கு நேர் பார்த்தது!

தமிழ் மேடையில் தமிழுக்கு இடமில்லையே என்று 1940களில் தமிழிசை இயக்கம் கிளர்ந்தெழுந்தது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. எந்த மொழியில் பாடுவது என்பது அந்தப் போர். இராக ஆலாபனைக்கோ மொழியில்லை. போற்றுவதற்கு ஒரு தெய்வத்தின் பெயரும் இல்லை. மூச்சும் மரமும் மட்டுமே அங்கே பேசுகின்றன. அதை உணர்ந்து மகிழப் பூணூலும் வேண்டாம், புராணமும் வேண்டாம். செவி இருந்தால் போதும்.

மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் கால் வைக்க 1939 வரை காத்திருந்த நாடு இது. நாகசுர இசைத்தட்டோ அதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது. முள்ளுக்குச் சாதி தெரியாது. கோயில் மதிலுக்குள்ளும் சாமி ஊர்வலத்தின் முன்னும் ஒலித்த இசை, நெசவாளியின் குடிசையிலும் ஒலித்தது. விஞ்ஞானம் செய்த விடுதலை இது!

ஆம், ஓசைக்கு விடுதலை கிடைத்தது. ஊதியவனுக்கு?

பாடகர் மேடையில் அமர்வார். நாகசுரக்காரர் நின்றே ஊத வேண்டும். மேலாடை தோளில் கிடக்கலாகாது. இதுவே மரபு என்றனர். இராசரத்தினம் இதை ஏற்க மறுத்தார். குடுமியைக் களைந்து கிராப்பு வைத்துக்கொண்டார், ஷெர்வாணி அணிந்தார், பாடகர்க்குரிய மேடையில் பாடகரைப் போலவே அமர்ந்து வாசித்தார். ஒத்து ஊதுவதற்குப் பதில் தம்புராவை வைத்துக்கொண்டார். 1940இல் காளமேகம் படத்தில் கதாநாயகனாகவே தோன்றினார். நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைத்திறனோடு சேர்ந்து, உரத்த திமிரி நாகசுரத்துக்கு மாறாக, ஆழ்ந்த குரலுடைய பாரி நாகசுரத்தை நிலைநாட்டினார். ‘ஆணவக்காரர்’ என்று பேசியோர் உண்டு. நின்றவன் உட்கார்ந்தால் அது ஆணவமாம்! உட்கார்ந்தே பிறந்தவனுக்கு அது மரபாம்!

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், பழைய திரையரங்கு ஒன்றை ஒலிப்பதிவுக்கூடமாக்கியது ஸ்டாக்ஸ் நிறுவனம். 1962இல் அங்கே நால்வர், பாடகரே இல்லாமல், ‘கிரீன் ஆனியன்ஸ்’ என்ற சொல்லற்ற இசைத்தட்டைப் படைத்தனர். ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்சுக்கு வயது பதினேழு. மூவர் கறுப்பர், கிதார் கலைஞர் ஸ்டீவ் கிராப்பர் வெள்ளையர். ‘சோல்’ என்று உலகம் அழைக்கும் அந்த இசை வெள்ளையர் வீட்டுக் கூடங்களில் தடையின்றிப் புகுந்தது. படைத்தவர்களோ, நிறவெறி ஆண்ட அந்த நகரில், ஒன்றாகக் கூடி இருக்க இடம் தேட வேண்டியிருந்தது. லொரைன் விடுதி அத்தகைய சில இடங்களில் ஒன்று. துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங், 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டது அதே விடுதியில்தான்! ஓசை நுழைந்த இடமெல்லாம் மனிதன் நுழைய, உயிரே விலையாயிற்று.

இராசரத்தினம் 1956இல் மறைந்தார். அவர் போட்ட பாதை அகன்றுவிட்டதா? அண்மையில் ஆரணிப் பக்கத்துத் திருமணம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மணமேடை எங்கும் பூ. மணமகள் உடலில் ஊர்ப் பட்டு. நாகசுரக்காரரும் தவில்காரரும் எங்கே? கூடத்து ஓரத்தில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், ஒரு கிழிந்த சமக்காளத்தில்! ‘கெட்டிமேளம்’ என்று விரல் அசைந்தபோது மட்டும் அவர்கள் நினைவுக்கு வந்தார்கள். பந்தி முடிந்து, பாத்திரம் கழுவும் வேளையில் அவர்களுக்கு இலை விழுந்தது. விருந்தினரோ, “மங்கல இசை அருமை” என்று புகழ்ந்துகொண்டே காரில் ஏறினர்.

இசை மங்கலமாம், இசைத்தவன் மட்டும் கடைசிப் பந்தியாம்! என்ன நியாயம் இது?

இளைஞர்களே! மேடையில் முழங்குவதற்கு முன், நம் வீட்டு மணத்தில் செய்து காட்டத்தக்க சீர்திருத்தம் இது. கலைஞரை மேடையில் அமர்த்துங்கள். முதற்பந்தியில் உங்கள் அருகே இலை போடுங்கள். பேசிய ஊதியத்தைக் கேட்கவைக்காமல் கொடுங்கள். அழைப்பிதழில் மாமன் மைத்துனர் பெயர்களுக்குப் பத்து வரி ஒதுக்குகிறோமே, நாகசுரக் கலைஞர் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கினால் தாள் கிழிந்துவிடாது! சேலையை நெய்த நெசவாளியையும் பெயர் சொல்லி அழைத்து முன்வரிசையில் உட்காரவையுங்கள்.

கலையைப் போற்றுவது எளிது. அதற்குக் காது போதும். கலைஞனை மதிப்பதற்குத்தான் அறிவு வேண்டும்.