கதவைச் சாத்திய இரவு

எங்கள் மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் தொடக்கத்தில் யாரும் எழுதலாம் என்றே வைத்திருந்தோம். ஓராண்டுக்குள் அது சந்தைக்கடையாயிற்று. பத்துப் பேருக்கு அனுப்பினால் நற்செய்தி வரும் என்பன போன்ற தகவல்களும், ஆதாரமற்ற ஹதீஸ்களும், பரிசு விழுந்ததாக ஏமாற்றும் இணைப்புகளும் குவிந்தன. அத்தகைய இணைப்பொன்றைத் தொட்டு ஒரு சகோதரர் பணத்தையும் இழந்தார். அட்மின்களுள் ஒருவனான நான், இனி அட்மின்கள் மட்டுமே எழுதலாம் என்று மாற்றினேன். குழு அமைதியாயிற்று. எனக்கும் நிம்மதி.

சில மாதங்களுக்குப்பின் ஓரிரவு பேருந்தில் வெளியூர் சென்றுகொண்டிருந்தேன், கைப்பேசி அணைந்திருந்தது. அன்றிரவு, எங்கள் தெருக்களில் காலைதோறும் இடியப்பம் விற்றுவந்த மூதாட்டி மௌத்தானார். குழுவில் அறிவிக்குமாறு அவருடைய மகன் எனக்கு அனுப்பிய செய்தியை மறுநாள் லுஹருக்குப் பின்னரே கண்டேன். அதற்குள் நல்லடக்கம் முடிந்துவிட்டது. ஜனாஸாவில் இரண்டு வரிசைகூட நிறையவில்லையாம்.

"குழு திறந்திருந்தால் நானே எழுதியிருப்பேனே, ஹஜ்ரத்" என்றார் மகன். என்னிடம் பதிலில்லை.

பள்ளிவாசலைப் பெருக்கிவந்த கறுப்பினப் பெண்மணி ஒருவரின் மரணத்தை நபி (ஸல்) அவர்களிடம் தோழர்கள் தெரிவிக்கவில்லை. அதை அவர்கள் சிறிய விஷயமாகக் கருதினர். அறிந்தபோது, ஏன் தெரிவிக்கவில்லை எனக் கேட்ட நபியவர்கள், அப்பெண்மணியின் கப்ருக்கே சென்று தொழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள இந்நிகழ்வை எத்தனையோ முறை மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். அன்றுதான் அது எனக்கே பாடமாயிற்று.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம், தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கிறது. அக்கட்டளை செய்தியைப் பெறுபவருக்கு உரியது. எல்லோருடைய வாயையும் அடைப்பது விசாரணை ஆகாது. வதந்திகளால் நம் நாட்டில் உயிர்கள் பறிபோன 2018-இல், வாட்ஸ்அப் நிறுவனமும் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே முறையில் முன்னனுப்ப இயலாதபடி வரம்பிட்டது. எழுதுவதைத் தடுக்கவில்லை, ஆராயாமல் பரப்புவதன் வேகத்தைக் குறைத்தது.

நாங்களும் இப்போது குழுவைத் திறந்துவிட்டோம். காவலை நுழைவாயிலில் வைத்தோம்: புதிதாகச் சேர்பவரை அட்மின் ஒருவர் விசாரித்தே அனுமதிப்பார். வந்ததை அப்படியே முன்னனுப்புதல் கூடாது. தம் சொந்தச் சொல்லில் எவரும் எழுதலாம். தவறானவற்றை மூன்று அட்மின்கள் முறைவைத்து நீக்குகிறோம். மௌத் அறிவிப்பிற்கும் இரத்தத் தேவைக்கும் நேர வரையறை இல்லை.

இன்றும் தேவையற்ற செய்திகள் சில வரவே செய்கின்றன. அவற்றை நீக்க நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் போதும். ஓர் ஏழையின் ஜனாஸா செய்தி நின்றுபோனால் அதை ஈடுசெய்ய வழியேது?

வல்ல அல்லாஹ் அந்த அன்னையின் கப்ரை விசாலமாக்குவானாக. என் கவனக்குறைவையும் மன்னிப்பானாக. ஆமீன்.